அடுக்கிலிருந்து கட்டத்துக்கு: தருமபுரிப் பக்கத்து ஒட்டுத்துணித் தையல்

பென்னாகரத்துத் தையல்கடைகளில் மெஷினுக்குக் கீழே ஒரு சாக்குப்பை கிடக்கும். ஜாக்கெட் வெட்டிய மிச்சம், லைனிங் துண்டு, பாவாடை ஓரம் எல்லாம் அதில்தான் விழும். அந்தப் பையிலிருந்து ஒன்பது சதுரங்கள் வெட்டி, மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்துத் தைத்தால் ஒரு கட்டம் வரும். கட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் போர்வைக்கு மேல்துணி ஆகிவிடும். பழந்துணியைச் சேர்த்துத் தைப்பது நம் மண்ணில் மிகப் பழைய வழக்கம். ஆனால் வீட்டுப் போர்வையை இப்படிக் கட்டம் கட்டமாக வளர்ப்பது பிந்தியது. நடுவில் மாறியது எது? துணி எந்த வடிவத்தில் கழிவாகிறதோ அந்த வடிவம்தான் மாறியது என்பது என் முடிவு.

சொற்களிலிருந்து தொடங்கலாம். பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காண வரும் பொருநன் உடுத்தியிருப்பது வேறு வேறு நூல் நுழைத்துத் தைத்த கந்தல். ஈரும் பேனும் குடியேறிய துணி. அதைக் களைந்து மன்னன் பட்டு தருகிறான். தையலுக்கு அங்கே வரும் சொல் ‘துன்னல்’. சிலப்பதிகாரம் புகாரின் தொழிலாளரைச் சொல்லும்போது ‘துன்னகாரர்’ என்று தையற்காரரைக் குறிக்கிறது. நாம் இன்று இகழ்ச்சியாகச் சொல்லும் ‘கந்தை’, வடமொழிக் ‘கந்தா’வோடு உறவுடையது. வங்காளத்தில் அதே சொல்தான் உலகம் போற்றும் கைத்தையல் போர்வைக்குப் பெயர். ஒரே சொல் இங்கே வறுமையையும் அங்கே கலையையும் குறிக்கும்படி பிரிந்துபோனதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

அந்தப் பழைய போர்வைகள் அடுக்கு வேலை. உடுத்து உடுத்து மெத்தென்றாகிவிட்ட புடவையையும் வேட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத்தையல் போட்டு இறுக்குவார்கள். வங்காளக் கந்தா, மராட்டியக் கோதடி, வடகர்நாடகக் கவுதி எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். உத்தர கன்னடத்துச் சித்தி சமூகப் பெண்கள் தங்கள் ‘கவந்த்’ போர்வையை ஓரத்து மூலையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். ஒட்டுத்துணியைப் பிடித்து வைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையல்தான். இதில் இஞ்ச் டேப்புக்கு வேலையில்லை, கைச்சாணே அளவு. புடவை முழுசாக நைந்து போகிற காலத்தில் அதைச் சின்னச் சதுரமாக நறுக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

நறுக்குவதற்குக் காரணம் இருந்த ஓரிடம் பௌத்தத் துறவியரின் சீவரம். மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைக் காட்டி, அதைப்போல் ஆடை அமைக்க முடியுமா என்று புத்தர் கேட்க, ஆனந்தர் அப்படியே செய்து தந்தார் என்கிறது விநயபிடகத்தின் மகாவக்கம். வெட்டிய துணிக்கு விலை போகாது; கள்வருக்கும் அதில் ஆசை வராது.

லம்பாடிகளின் தையல் இதற்கெல்லாம் நடுவில் நிற்கிறது. பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றித் தக்காணம் முழுக்க அலைந்தவர்கள் அவர்கள். தருமபுரி அடங்கிய பாராமகால் 1792-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த போரில், ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படைக்குத் தானியம் சுமந்தவர்களும் அவர்களே. ரயில் வந்ததும் பொதிமாட்டு வணிகம் படுத்தது. ஊர் ஊராகத் தங்கிவிட்டார்கள். பென்னாகரத்துக்குத் தென்கிழக்கே, அரூர் பக்கத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலும் அவர்களுடைய தண்டாக்கள், அதாவது குடியிருப்புகள், உண்டு. அங்கே 1993-இல் மருத்துவப் பணி தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதியரின் முயற்சியை ஒட்டி, மறைந்துகொண்டிருந்த தையல் 2006-இல் ‘போர்கை’ என்ற பெயரில் மீண்டும் எழுந்தது. அவர்கள் மொழியில் அதற்குப் ‘பெருமை’ என்று பொருள். லம்பாடித் தையலில் கண்ணாடியும் சோழியும் மட்டுமல்ல, முக்கோணமும் சதுரமுமாக வெட்டி ஓரத்தில் வைத்துத் தைக்கும் துண்டுகளும் உண்டு. ஆகவே வெட்டிச் சேர்ப்பதே மெஷின் காலத்து வழக்கம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே துண்டு அலங்காரம். போர்வையின் உடல் அடுக்குதான்.

போர்வையின் உடலே கட்டமானது கடல் கடந்து. சோழமண்டலக் கரையின் அச்சுத்துணிகள் இங்கிலாந்தில் அவ்வளவு விலைபோனதால், 1721-இல் நாடாளுமன்றம் அச்சிட்ட பருத்தித் துணிக்கே தடை போட்டது. துண்டுகூட அரிதானபோது அதை வெட்டி ஒட்டிக் காப்பாற்றினார்கள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், மடியில் வைத்துத் தைக்கத் தோதான சின்னக் கட்டமே போர்வையின் அலகாக ஊன்றியது. 1851-இல் சிங்கர் மெஷினுக்குக் காப்புரிமை கிடைத்தது. கொல்கத்தாவிலிருந்து உஷா வந்த பிறகு மெஷின் நம் சிற்றூர்களுக்கும் எட்டியது. தமிழக அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் அதை ஏழைப்பெண்களின் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோனது. புதுத்துணி வெட்டும் இடங்கள் பெருகின. மொடமொடப்பான, சிறு சிறு மிச்சங்களும் பெருகின. அவற்றை அடுக்க முடியாது, சேர்க்கத்தான் முடியும்.

சேர்ப்பதில் கணக்கு கறாரானது. மூன்று இஞ்ச் சதுரம் வேண்டுமானால் மூன்றரை இஞ்சாக, நேர் இழையில் வெட்ட வேண்டும். சுற்றிலும் கால் இஞ்ச் தையலுக்குப் போகும். மும்மூன்றாக மூன்று வரிசை தைத்ததும் இஸ்திரி. முதல் வரிசையில் மடிப்பு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்ததில் இடப்பக்கம் சாய வேண்டும். அப்போதுதான் இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நான்கு மூலைகளும் ஒரு புள்ளியில் கூடும். தைத்த கட்டம் ஒன்பதரை இஞ்ச் இருக்கும். போர்வையில் சேர்ந்தபின் ஒன்பது. ஒவ்வொரு தையலிலும் ஒரு நூலளவு பிசகினாலும், பத்துக் கட்டம் சேர்ந்தபின் வரிசை வளைந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பென்னாகரம் பக்கத்து வீடு ஒன்றில், வாசலில் கிடந்த கால்மிதியைப் புரட்டிப் பார்த்தேன். மேலே ஜாக்கெட் பிட்டுகளில் ஒன்பது சதுரம், மெஷின் தையல். ஓரம் பிரிந்த இடத்தில் விரல் விட்டால் உள்ளே நாலாக மடித்த நூல்புடவை. அதன் குறுக்கே நெடுக நீளநீளமாகக் கையால் போட்ட ஓட்டுத்தையல்.