பன்னிரண்டு ஜிபியா, புதிய சில்லா? ஆர்டிஎக்ஸ் 3060-ம் 4060-ம்

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயரில் உள்ள எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 3060-க்குப் பிறகு வந்தது 4060, அதனால் எல்லாவற்றிலும் அதுவே மேல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். என்விடியாவின் இந்த இரண்டு கார்டுகளின் விவரங்களையும் அருகருகே வைத்தால் கணக்கு இடிக்கிறது. புதியதில் கோர்கள் குறைவு, நினைவகம் குறைவு, நினைவகத்துக்குப் போகும் வழியும் குறுகல். அப்படியிருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் வேகமாக ஓடுவது அதுதான்.

3060 வந்தது 2021 பிப்ரவரியில், 329 டாலர் விலையில். ஆம்பியர் கட்டமைப்பு, சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்த சில்லு. 3584 கூடா கோர்கள், 1777 மெகாஹெர்ட்ஸ் பூஸ்ட் வேகம், 170 வாட் மின்தேவை. 4060 வந்தது 2023 ஜூனில், 299 டாலருக்கு. ஏடா லவ்லேஸ் கட்டமைப்பு, டிஎஸ்எம்சி தயாரிப்பு. கோர்கள் 3072 மட்டுமே என்றாலும் பூஸ்ட் வேகம் 2460 மெகாஹெர்ட்ஸ், மின்தேவை 115 வாட். கணக்குப் போட்டால் 3060-க்கு 12.7 டெராஃபிளாப்ஸ், 4060-க்கு 15.1. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். 1080பி திரையில் கிடைக்கும் கூடுதல் ஃபிரேம்களும் ஏறத்தாழ அதே அளவுதான்.

மின்சார விஷயத்தில் 4060-ஐ மனமாரப் பாராட்ட வேண்டும். 55 வாட் குறைவாக எடுத்துக்கொண்டு கூடுதல் வேகம் தருகிறது. குளிர்சாதனம் இல்லாத அறையில், சின்ன கேபினெட்டில் வைத்து மணிக்கணக்கில் ஆடுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. சூடு குறைகிறது, விசிறியின் இரைச்சல் குறைகிறது, எஸ்எம்பிஎஸ்-க்கும் சுமை குறைகிறது.

ஆனால் இந்த ஒப்பீட்டின் உயிர் நினைவகத்தில் இருக்கிறது. ஜிடிடிஆர்6 நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் 32 பிட் அகலமுள்ள வழியில் இணைகிறது. 3060-இன் பஸ் அகலம் 192 பிட், ஆகவே ஆறு சில்லுகள். ஒவ்வொன்றும் 1 ஜிபி என்றால் மொத்தம் 6, 2 ஜிபி என்றால் 12. 2021-இல் 6 ஜிபி போதாது என்பது தெளிவாகத் தெரிந்ததால் 12 ஜிபி வைத்தார்கள். அதைவிட விலையும் வேகமும் கூடிய 3060 டிஐ, 3070 இரண்டிலும் அப்போது 8 ஜிபிதான் இருந்தது! 4060-இன் பஸ் 128 பிட்டாகச் சுருங்கியது. நான்கு சில்லுகள், 8 ஜிபி. நினைவகத்திலிருந்து நொடிக்கு வரும் தரவு 360 ஜிபியிலிருந்து 272-ஆக இறங்கியது.

இந்த இழப்பை ஈடுகட்ட என்விடியா சில்லுக்குள்ளேயே இருக்கும் எல்2 கேச்சை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக உயர்த்தியது. அடுப்பருகே அஞ்சறைப் பெட்டி இருந்தால் ஒவ்வொரு முறையும் சாமான் அறைக்கு ஓட வேண்டாம் அல்லவா, அதே உபாயம்தான். 1080பி-யில் இது நன்றாகவே வேலை செய்கிறது. திரையின் அளவு 1440பி, 4கே என்று கூடக்கூட, தேவைப்படும் தரவு கேச்சில் கிடைப்பது குறைந்து குறுகிய பஸ்ஸின் பலவீனம் வெளியே தெரிகிறது. மேலும், கேச் எவ்வளவு பெரிதானாலும் அது வேகத்துக்குத்தான் உதவும், கொள்ளளவைக் கூட்டாது. 9 ஜிபி கேட்கும் விளையாட்டை 8 ஜிபிக்குள் அது அடக்கிவிடாது.

அப்படிக் கேட்கும் விளையாட்டுகள் 2023-லேயே வந்துவிட்டன. ஹாக்வார்ட்ஸ் லெகஸி, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 1 இரண்டும் கணினிக்கு வந்த புதிதில் 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தன. பின்னால் வந்த திருத்தங்கள் நிலைமையைச் சீராக்கின என்றாலும் போக்கு புரிந்துவிட்டது. நினைவகம் நிரம்பினால் சுவரும் முகமும் மங்கலாகும், அல்லது ஓட்டம் விட்டுவிட்டுத் திக்கும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் இது சரியாகத் தெரியாது. சோதனை முடிவுகளைப் படிக்கும்போது மிக மெதுவான தருணங்களின் வேகத்தைக் காட்டும் ‘1 சதவீதக் குறைந்தபட்சம்’ என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று இதோடு சேர்கிறது. மதர்போர்டோடு தரவைப் பரிமாற 3060-க்கு 16 பிசிஐஇ தடங்கள், 4060-க்கு 8 மட்டுமே. நான்காம் தலைமுறை பிசிஐஇ உள்ள மதர்போர்டில் இதனால் பெரிய பாதிப்பில்லை. மூன்றாம் தலைமுறை போர்டில் போட்டால் இந்தத் தடங்களில் தரவு போகும் வேகம் பாதியாகிறது. கார்டின் நினைவகத்தில் இடமில்லாமல் வழிகிற தரவு இந்தப் பாதையில்தான் போய்வர வேண்டும். பழைய கணினிக்கு உயிரூட்ட நினைப்பவர்கள்தான் இந்த விலையில் கார்டு தேடுகிறார்கள் என்பதால் இதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 தொழில்நுட்பத்தில் உள்ள ஃபிரேம் ஜெனரேஷன் இந்த இரண்டில் 4060-இல் மட்டும் உண்டு. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கார்டே ஒன்றை உருவாக்கிச் செருகும் உத்தி இது. காட்சி வழுவழுப்பாகிறது, ஆனால் விசையை அழுத்தியதும் கிடைக்கும் பதில் விரைவாவதில்லை. இந்த வசதிக்கும் நினைவகம் செலவாகும் என்பதால், 8 ஜிபி நிரம்பித் திணறும் இடத்தில் இதை நம்ப முடியாது. ஏவி1 வடிவில் வீடியோவை என்கோட் செய்யும் திறனும் 4060-க்கு மட்டுமே. நேரலை செய்பவருக்கு அது நல்ல காரணம்.

விளையாட்டுக்கு வெளியே வந்தால் தராசு 3060 பக்கம் சாய்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், உருவாக்கும் காட்சி கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும்வரை 4060 முந்தும், அடங்காதபோது 3060 மட்டுமே வேலையை ஒழுங்காக முடிக்கும். வீட்டுக் கணினியில் மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பவருக்கும் அப்படியே. 4 பிட்டுக்குச் சுருக்கிய 1300 கோடி அளவுரு மாதிரி 12 ஜிபியில் வசதியாக உட்காரும். 8 ஜிபியில் ஒரு பகுதி கணினியின் ரேமுக்குத் தள்ளப்பட்டு, பதில் மெதுவாக வரும்.

என் வருத்தம் பொறியாளர்கள் மேல் இல்லை, பெயர் வைத்தவர்கள் மேல். 1060, 2060, 3060 மூன்றிலும் ‘106’ என்று முடியும் சில்லு இருந்தது. 4060-இல் இருப்பது ஏடி107, ஒரு படி கீழே உள்ள சில்லு. திறமையான சிறு சில்லை ஒரு படி உயர்ந்த பெயரில் விற்றதால்தான் தன்னைவிட இரண்டு ஆண்டு பழைய கார்டோடு அதை நிறுத்தி எடைபோட வேண்டியிருக்கிறது.

1080பி-யில் ஆடுவது மட்டுமே நோக்கம், போர்டும் புதிது என்றால் 4060-ஐ எடுங்கள். பிளெண்டர், செயற்கை நுண்ணறிவு, உயர்தர டெக்ஸ்சர்கள், அல்லது பழைய போர்டு என்றால் 3060 போதும், அதுவே நல்லது. வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2022-இல் அதே 3060 பெயரில் 8 ஜிபி, 128 பிட் பஸ், நொடிக்கு 240 ஜிபி மட்டும் கொண்ட மெதுவான கார்டு ஒன்றும் விற்பனைக்கு வந்தது. 12 ஜிபி என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.