வேளைக்கீரை

சங்க நூல்களில் நெல்லும் கரும்பும் பெற்ற சிறப்பு யாவரும் அறிந்ததே. குப்பைமேட்டில் தானே முளைத்த ஒரு கீரைக்கு அந்நூல்களில் உள்ள இடத்தை எண்ணிப் பார்த்தோர் சிலரே. வேளை என்பது அதன் பெயர். நல்வேளை, தைவேளை என்று தமிழக ஊர்ப்புறங்களில் இன்றும் வழங்குவது இதுவே. விரல் விரித்தாற்போன்ற ஐந்து சிற்றிலைகளும் வெண்பூவும் கடுகை நினைவூட்டும் நெடியும் உடையது. உழவும் விதைப்பும் இதற்கு வேண்டா. மழை பெய்தால் எருப்பட்ட இடமெல்லாம் எழும். மஞ்சட்பூப் பூக்கும் நாய்வேளை இதன் இனமேயெனினும் வேறு செடியாகும்.

1889இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டுள் ஒன்று சிறுபாணாற்றுப்படை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், பரிசில் பெறுமுன் பாணன் குடும்பம் இருந்த நிலையை அதில் காட்டுகிறார். சுவரில் காளான் பூத்த அடுக்களை. கண்விழியாத குட்டிகளுக்குப் பாலில்லாமல் குரைக்கும் நாய். அங்கே கிணைமகள் நகத்தால் கிள்ளி வந்த வேளையை உப்பின்றி வேகவைக்கிறாள். அறிவிலார் காண்பரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்துண்கிறாள்.

உப்பில்லை என்ற செய்தி சிறிதன்று. வேளை இயல்பாகவே கசப்புடையது. அக்கசப்பைத் தணிப்பது உப்பு. கீரை குப்பையில் விலையின்றிக் கிடைத்தது. உப்போ கடற்கரையிலிருந்து உமணர் வண்டியில் வந்தது. நெல் கொடுத்தே அதனைப் பெறல் வேண்டும். நெல்லற்ற வீட்டுக்கு உப்பும் இல்லை. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனாரும் (புறநானூறு 159) தம் மனைவி குப்பைக்கீரையை உப்பும் மோரும் இன்றி உண்டதைச் சொல்கிறார். முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் துளிர்த்த இளந்தளிரை அவள் கொய்தாள் என்கிறார். பசி எத்தனை நாட்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் வேளை வறியோர் உணவு மட்டுமே என்று முடிவுகட்டுவது பிழை. புறநானூறு 215இல் அதே செடி விருந்தாகிறது. எருத்துகள் படிந்த தெருவில் பூத்த வேளைப்பூவைத் தயிரிலிட்டு, வரகுச் சோற்றோடு ஆய்மகள் புளிங்கூழ் சமைக்கிறாள். அவரை கொய்வோர் வயிறார உண்கின்றனர். பால்பொருள் கசப்பை மாற்றும் என்பதை அவள் அறிந்திருந்தாள். இன்று கென்யாவிலும் இக்கீரையைப் பாலோடு சமைக்கின்றனர். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் மலாய் மக்கள் இதனையே மாமான் என வழங்கி, ஊறுகாயாகவும் ரெண்டாங்காகவும் செய்கின்றனர்.

புறம் 246இல் மூன்றாவது முகம் தெரிகிறது. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பின் உணவை வெறுப்புடன் எண்ணிச் சொல்கிறாள்: நீர்ச்சோற்றுத் திரள், எள்துவையல், புளியிட்டு வேகவைத்த வேளை. புளியும் எள்ளும் சேர்ந்த அக்கறி சுவையில் குறைந்ததாகத் தோன்றவில்லை. நெய்யை விலக்கி, பரற்கற்கள் மேல் பாயின்றிப் படுக்கும் வாழ்வோடு அது பிணைக்கப்பட்டிருந்தது. அவ்வாழ்வையே அரசி மறுத்தாள்.

ஆய்மகளின் புளிங்கூழைப் பாடியவனும் ஓர் அரசனே. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உண்ணாது உயிர்விடும் வேளையில், நண்பர் பிசிராந்தையாரின் நாடு எத்தகையது என்பதற்கு அடையாளமாக அவ்வுணவைச் சொன்னான்.