கலயத்துச் சுண்ணாம்பும் கருவூலமும்

பனையின் பாளையைக் கட்டி, இடுக்கி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிடும்போது சொட்டும் சாறு, கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீராகவே நிற்கிறது. தடவாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடுகிறது. நொதித்தலைத் தடுக்கும் இந்த வெள்ளைப் பூச்சு பனையேறியின் கைப்பழக்கமாக இருந்த நிலை மாறி, குற்றத்தையும் குற்றமின்மையையும் பிரிக்கும் எல்லைக்கோடாக ஆனதே தமிழகத்தில் கள்ளின் அரசியல் வரலாறு எனலாம்.

சங்கப் பாடல்களில் கள் மறைத்துக் குடிக்கும் பொருளன்று. அதியமானுக்கு ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், அதாவது இறந்தவரை எண்ணி இரங்கும் பாட்டில், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பாங்கே முதலில் நினைவுகூரப்படுகிறது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததால், கண்டனமும் பழமையானதே. ஆயினும் குடியைக் கருவூலத்தின் நிலையான ஊற்றாக மாற்றியது காலனிய அரசின் ஆப்காரி முறை, அதாவது மதுவின் உற்பத்தியையும் விற்பனையையும் உரிமத்துக்கும் வரிக்கும் உட்படுத்திய ஏற்பாடு ஆகும். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கடைகள் ஏலத்தில் விடப்பட்டன; மரவரி நடைமுறையில் இருந்த பகுதிகளில், கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி கட்டப்பட்டு, அதன் அடையாளமாக மரத்தில் எண் இடப்பட்டது. தோப்பே அரசின் பேரேடாயிற்று.

எனவே கள்ளுக்கடை மறியல் ஒழுக்கப் பிரச்சாரமாக மட்டும் நிற்காமல், ஆட்சியின் வருவாயைத் தாக்கும் போராட்டமாகவும் அமைந்தது. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் ஈரோட்டில் நடந்த மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். 1937இல் முதலமைச்சரான இராஜாஜி அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது, முன்பு ஆங்கிலேயரைத் தாக்கிய அந்த வருவாய் இழப்பு அவருடைய கணக்கிலேயே வந்து விழுந்தது. அதை ஈடுசெய்ய 1939இல் இயற்றப்பட்ட பொது விற்பனை வரிச் சட்டம் பிற மாகாணங்களுக்கு முன்மாதிரியாயிற்று. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்த பிறகும் விற்பனை வரி மட்டும் நீடித்தது. ஒருமுறை வாயைத் திறந்த வரி எளிதில் மூடிக்கொள்வதில்லை.

மதுவிலக்குச் சட்டம் சுண்ணாம்பிட்ட கலயத்தில் இறக்கிய பதநீருக்கு இடமளித்தமையால், கலயத்தைக் கவிழ்த்துச் சோதிக்கும் அதிகாரம் காவலரிடம் வந்தது. பனையேறிகளின் அன்றாடப் பிழைப்பு ஐயத்துக்குரியதாயிற்று. 1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சி மதுவிலக்கை மாகாணம் முழுவதற்கும் விரித்தது, 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தி, 1974இல் மீட்டது, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மீண்டும் வழி பிறந்தது. 1987 முதல் கள் விலக்கப்பட்டுவிட, ஆலைகளில் வடித்துப் புட்டியில் அடைத்த மதுவகைகளின் விற்பனை தொடர்ந்தது. மரத்திலிருந்து நேரே இறங்கி அன்றே தீர்ந்துவிடும் பானத்தைவிட, எண்ணி முத்திரையிடத்தக்க புட்டியையே வரி வாங்கும் நிர்வாகம் விரும்பியது என்று கருதுவது மிகையாகாது.

1983இல் மொத்த விற்பனைக்கெனத் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் நடத்தி வருகிறது. அக்கடைகளுக்கான விதிகள் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே வகுக்கப்பட்டுள்ளன.