மெட்டும் மாத்திரையும்: செருமானியப் பாடல்கள் தென்னிந்திய மொழிகளிற் புகுந்த வரலாறு

முன்னுரை

ஒரு நாட்டின் இசை பிற நாடுகளிற் பரவிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மெட்டுகளையும் இசைக்கருவிகளையும் இசைக்குழுக்களையும் கணக்கிடுவதோடு அமைவர். அம்மெட்டுகளுக்கு எம்மொழிச் சொற்கள் பொருத்தப்பட்டன, பொருத்தப்பட்டபோது அம்மொழிக்கு நேர்ந்தது யாது என்னும் வினா இசையியலார்க்குரியதன்று என விடப்படுகின்றது. மொழியியலாரோ அதனை இசைக்குரியது என ஒதுக்குகின்றனர். இவ்விரு துறைக்கும் இடைப்பட்ட நிலத்திலேதான் பாடல் மொழிபெயர்ப்பு என்னும் பணி நிகழ்கின்றது.

செருமானிய இசையின் தென்னிந்தியச் செல்வாக்கு இதற்குத் தக்கதொரு சான்றாகும். தரங்கம்பாடி, தஞ்சாவூர், மங்களூர், மைசூர் ஆகிய இடங்களில் கி.பி. 18, 19, 20ஆம் நூற்றாண்டுகளில் அவ்விசை வெவ்வேறு வகையாக எதிர்கொள்ளப்பட்டது. தமிழ், கன்னடம் ஆகிய இருமொழி வழிபாடுகளும் அருகருகே நிகழும் பெங்களூருவிலிருந்து நோக்குவார்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். மெட்டை மட்டுமன்றி மொழியின் மாத்திரையையும் கணக்கிற் கொண்டாலன்றி இவ்வரலாறு முழுமை பெறாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. ஆலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு

பர்த்தலோமேயு சீகன்பால்க், ஐன்ரிக் புளூட்சோ ஆகிய இருவரும் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். இவர்களுக்குத் துணை நின்றது ஆலே நகரத்துப் பக்தி இயக்கம். அவ்வியக்கத்தின் பாடல் தொகுதியை யோகான் பிரைலிங்கவுசன் 1704இல் வெளியிட்டிருந்தார். அதில் லூத்தர் காலத்துப் பழம்பாடல்களோடு, மும்மைக் காலக் கதியில் அமைந்த புதிய மெட்டுகளும் பல இடம்பெற்றன. அப்புதிய மெட்டுகள் துள்ளல் மிக்கவை, வழிபாட்டின் பெருமிதத்திற்கு ஒவ்வாதவை என விட்டன்பர்க் இறையியலார் 1714இல் கண்டித்தனர்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. ‘செருமானிய மெட்டு’ என நாம் பொதுப்படக் கூறுவது தன் நாட்டிலேயே ஒருபடித்தான பொருளன்று. பழைய மெட்டுகளைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் திருச்சபையார் மிக மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் ஏறத்தாழ ஒரே நீளமாக இழுத்துப் பாடினர். அடிக்கும் அடிக்கும் இடையே ஆர்கன் இசைப்போர் சிறு இடையிசை சேர்ப்பதும் உண்டு. அவற்றின் தொடக்ககாலத் தாளவேறுபாடுகளை மீட்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் எழுந்தது. எனவே ஒரே மெட்டு, எந்த நூற்றாண்டில் எவ்வியக்கத்தார் வழியாக வந்தது என்பதற்கேற்ப வெவ்வேறு காலஅளவைக் கொண்டிருந்திருக்கும்.

சீகன்பால்க் காலத்திலேயே தொடங்கிய பாடல் மொழிபெயர்ப்புப் பணி யோகான் பிலிப் பப்ரீசியுசிடம் (1711–1791) முதிர்ச்சி பெற்றது. 1740இல் வந்து, 1742 முதல் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய இவர், விவிலிய மொழிபெயர்ப்பாலும் 1779இல் வெளிவந்த அகராதியாலும் அறியப்படுபவர். இவர் மொழிபெயர்த்த பாடல்கள் ‘ஞானப்பாட்டு’ என்னும் பெயரால் லூத்தரன் திருச்சபைகளில் வழங்கி வருகின்றன. மேலைமெட்டில் அமைந்தவை ஞானப்பாட்டு அல்லது பாமாலை எனவும், நாட்டிசையில் அமைந்தவை கீர்த்தனை எனவும் தமிழ்க் கிறித்தவ வழக்கு பிரித்துப் பேசுவது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

2. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட தடைகள்

செருமானிய யாப்பு அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அழுத்தம் பெறும் ஒலியசையும் அழுத்தம் பெறாத ஒலியசையும் மாறிமாறி வர, அவற்றின் எண்ணிக்கை அடிதோறும் வரையறுக்கப்படும். தமிழில் பொருளை வேறுபடுத்தும் அழுத்தம் இல்லை. பொருளை வேறுபடுத்துவது குறில் நெடில் என்னும் மாத்திரை. நம் யாப்பின் அசையும் மொழியியலார் கூறும் ஒலியசையும் ஒன்றல்ல என்பதும் கருதத்தக்கது. இரண்டு ஒலியசைகள் இணைந்து ஒரு நிரையசை ஆதல் கூடும். மெட்டோ அவ்விரண்டிற்கும் இரு தனிச்சுரங்களை வைத்திருக்கும்.

இவ்வேறுபாட்டால் எழும் தடைகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, சொல்லின் நீளம். செருமானிய மொழியில் ‘ஆண்டவருடைய’ என்பதற்கு இரண்டு ஒலியசைகள் போதும். தமிழ்ச் சொல்லோ ஆறு ஒலியசை கொண்டது. எட்டும் ஏழுமாக ஒலியசை மாறி வரும் அடியில் இவ்வொரு சொல்லே பெரும்பகுதியை விழுங்கிவிடும். இதனால் வேற்றுமை உருபுகளைத் தொகுத்தல், ‘கர்த்தர்’ போன்ற ஈரசைச் சொற்களை நாடுதல், ‘தேவ’, ‘ஞான’ என்பவற்றை முன்னடையாக வைத்துத் தொகைச்சொல் ஆக்குதல் ஆகிய உத்திகள் இன்றியமையாதன ஆயின. கிறித்தவத் தமிழின் வடசொற் பெருக்கத்திற்குச் சமயக் காரணங்களை மட்டும் கூறுவோர் மெட்டின் நெருக்கடியையும் ஒரு காரணமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, அடியின் தொடக்கம். செருமானியப் பாடல்களுட் பல, அழுத்தமற்ற ஒலியசையில் தொடங்கி அழுத்தத்திற்கு ஏறுவன. வேறு பல அழுத்தத்திலேயே தொடங்குவன. முதல்வகைக்குக் குறிலில் தொடங்கி நெடிலுக்குச் செல்லும் ‘பிதா’, ‘குமாரன்’ போன்ற சொற்கள் பொருந்தும். இரண்டாம் வகைக்கு ‘தேவன்’, ‘ஆவி’, ‘நாதன்’ போன்ற நெடில் முதற்சொற்கள் ஏற்றவை. ‘இயேசு’ என எழுதின் மூன்று ஒலியசை, குறிலில் தொடக்கம். ‘ஏசு’ என எழுதின் இரண்டு ஒலியசை, நெடிலில் தொடக்கம். ஒரு பெயரின் இரு வடிவங்கள் மெட்டமைப்போர்க்கு இரு கருவிகளாகப் பயன்படும்.

மூன்றாவது, தொடை. செருமானியப் பாடலின் அழகு அடியிறுதி ஒலியியைபில் உள்ளது. தமிழ்ச் செவியோ எதுகையையும் மோனையையும் அடியின் முதலில் எதிர்பார்ப்பது. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்றலின் ‘-ஏன்’, ‘-ஆர்’ என விகுதிகளால் இயைபு எளிதில் அமைந்துவிடும். எளிதில் அமைவதாலேயே அது சுவை குன்றும். மூலத்தின் இயைபைக் காத்த மொழிபெயர்ப்பாளர் தமிழ் மரபிற்குரிய எதுகையை இழந்தார் எனலாம்.

நான்காவதும் தலையாயதும் மாத்திரை. பலன் – பாலன், வரம் – வாரம், மனம் – மானம் என்னும் இணைகளில் பொருளைப் பிரிப்பது நெடிலின் நீளமே. எல்லாச் சுரங்களையும் சமமாக இழுத்துப் பாடும் முறையில் இவ்வேறுபாடு செவிக்கு மறைந்துவிடும். இசையில் எழுத்துகள் தம் அளவு கடந்து ஒலித்தலைத் தொல்காப்பியம் நூன்மரபின் இறுதி நூற்பா ஏற்று, அதனை இசைநூலார்க்கு விடுகின்றது. அளபெடை இலக்கணமும் நீட்டத்திற்கு இடம் தருகின்றது. ஆயின் நெடிலைக் குறிலளவாகச் சுருக்குதற்கு, ஐகாரக்குறுக்கம் போன்ற வரையறுத்த இடங்களைத் தவிர, இலக்கணத்தின் இசைவு இல்லை. ஆதலின் மேலைமெட்டில் தமிழ் இடறுவது நீளும் இடத்தைக் காட்டிலும் சுருங்கும் இடத்திலேயே ஆகும்.

3. தஞ்சையில் மூன்று வழிகள்

இத்தடைகளைத் தென்னிந்தியர் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதற்குக் காவிரிக்கரைப் புலவர்களே விடை தருகின்றனர்.

முத்துசாமி தீட்சிதர் மேலை இசைக்குழுக்களின் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியங்கள் அமைத்தார். ‘நோட்டுசுவரம்’ எனப்படும் இவை ஏறத்தாழ 40 ஆகும். பெரும்பாலும் ஆங்கிலேயர் வழி வந்த மெட்டுகளாயினும் ஒப்புநோக்கிற்கு இவை துணையாகும். தீட்சிதர் மூலத்தின் பொருளை முற்றிலும் விடுத்து மெட்டை மட்டுமே கொண்டார். எதனையும் மொழிபெயர்க்கும் கடப்பாடு அவருக்கு இல்லாமையால் நெட்டெழுத்துகளை நெடுஞ்சுரத்தில் நிறுத்தும் உரிமை அவர்க்கு இருந்தது.

வேதநாயக சாத்திரியார் (1774–1864) இதற்கு மறுதலையான வழியை மேற்கொண்டார். செருமானிய அருட்பணியாளர் சுவார்ட்சிடம் (1726–1798) வளர்ந்தவர்; அவரிடமே பயின்ற சரபோசி மன்னரின் ஆதரவையும் பெற்றவர். செருமானியப் பாடல்களோடு வளர்ந்த அவர், சமயப் பொருளை ஏற்று மெட்டை விடுத்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பிலும் குறவஞ்சி போன்ற சிற்றிலக்கிய வடிவத்திலும் அப்பொருளை அமைத்தார். 1800இல் இயற்றப்பட்ட ‘பெத்லகேம் குறவஞ்சி’ இதற்குச் சான்றாகும்.

பொருள், மெட்டு ஆகிய இரண்டனையும் காக்க முயன்றவர் பப்ரீசியுசு. மூவருள் அவர் பணியே அரியது. குறை காண்டற்கு எளியதும் அதுவே.

இவ்வேறுபாடு வெறும் சுவை வேறுபாடாக நின்றுவிடவில்லை. 1820களின் இறுதியில் புதிதாக வந்த அருட்பணியாளர்க்கும் தஞ்சைச் சபையார்க்கும் இடையே பெரும் பூசல் எழுந்தது. சாத்திரியார் அடுக்கிய முறையீடுகள் நான்கு: பப்ரீசியுசின் விவிலியத் தமிழை மாற்றியமை, சாதி வேறுபாடின்றி ஒருங்கே அமரச் செய்தமை, திருமணம், இறப்பு போன்ற நிகழ்ச்சிகளில் மலர்களை விலக்கியமை, வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தமை. மொழிபெயர்ப்பும் இசையும் ஒரே முறையீட்டில் இணைந்து நிற்பதை மொழிபெயர்ப்பு வரலாற்றாசிரியர் கருத வேண்டும். அவற்றோடு சாதி வேறுபாட்டைக் காக்கும் வேண்டுகோளும் பிரிக்கவியலாதவாறு பிணைந்திருந்தது என்பதையும் மறைத்தலாகாது. தமிழிசைக்காக எழுந்த குரல் அனைவரையும் சமமாக அமர்த்த எழுந்த குரலன்று. ஒரு மெட்டை ஏற்றலும் மறுத்தலும் சமூக உறவுகளின் வழியாகவே நிகழ்ந்தன.

4. கன்னட நாட்டில்

பேசல் மிசன் 1834இல் மங்களூரில் பணி தொடங்கியது. அங்கும் செருமானியப் பாடல்கள் கன்னடத்தில் ஆக்கப்பட்டன. அம்மிசனைச் சார்ந்த பெர்டினாந்து கிட்டல் (1832–1903) வேறொரு நெறியைக் கண்டார். இயேசுவின் வாழ்வைக் கூறும் ‘கதாமாலே’ என்னும் நூலை 1862இல் நாட்டு இசைமரபிற்கேற்ப இயற்றினார். பின்னர் நாகவர்மனின் ‘சந்தோம்புதி’ என்னும் கன்னட யாப்பு நூலை ஆராய்ந்து 1875இல் பதிப்பித்தார். 1894இல் அவர்தம் கன்னட – ஆங்கில அகராதி வெளிவந்தது.

செருமானியர் ஒருவரே தம் நாட்டு மெட்டைக் கட்டாயமாக்காது, ஏற்கும் மொழியின் யாப்பிற்குப் பணிந்தார் என்பது இங்குச் சிறப்பாகும். தமிழில் சாத்திரியார் மரபால் அறிந்ததைக் கிட்டல் இலக்கண ஆய்வால் அறிந்தார் எனக் கூறலாம்.

இருபதாம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் செயசாமராசேந்திர உடையார் (1919–1974) மற்றொரு நிலையைக் காட்டுகின்றார். செருமானிய மரபில் வந்த உருசிய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னரின் படைப்புகளை ஒலிப்பதிவு செய்யப் பொருளுதவி செய்தவர் இவர். மெட்னர் தம் மூன்றாம் பியானோ கச்சேரியை இவருக்கே உரிமையாக்கினார். 1950 மே 22இல் இலண்டனில் இரிச்சர்டு இசுட்ராசின் ‘இறுதி நான்கு பாடல்கள்’ முதன்முறையாக அரங்கேறியதும் இவர் அளித்த பொருட்பொறுப்பாலேயே. ஏர்மன் எசே, ஐக்கன்டோர்ப் ஆகியோரின் செருமானியக் கவிதைகளுக்கு அமைந்த பாடல்கள் அவை. அதே மன்னர் கருநாடக இசையில் 94 கிருதிகளை வடமொழியில் இயற்றினார். ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்க அவர் முற்படவில்லை. இரண்டனையும் அவ்வவற்றின் மொழியிலேயே போற்றினார். செல்வாக்கு என்பது எப்போதும் மொழிபெயர்ப்பின் வழியே வருவதன்று என்பதற்கு இது சான்றாகும்.

5. பாடநூல் ஒரு நிகழ்த்துச் சான்று

பழங்காலத்தில் ஒரு பாடல் எங்ஙனம் பாடப்பட்டது என ஆராய்வோர்க்கு ஒலிப்பதிவு இல்லை. இசைக்குறிப்பும் பலவிடங்களில் இல்லை. அந்நிலையில் தமிழ்ச் சொற்களே சான்றாதல் கூடும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் நெடுஞ்சுரத்தில் நெடிலை வைக்கவே முயல்வர். ஒரு பாடலின் எல்லாச் செய்யுட்களிலும் ஒரே இடத்தில் நெடில் மீண்டும் மீண்டும் வருமாயின், அவ்விடத்துச் சுரம் நீண்டிருந்தது எனக் கருதலாம். அத்தகைய ஒழுங்கு காணப்படவில்லையெனில், சமநீளமாகப் பாடும் முறை நிலவியிருத்தல் கூடும்; அன்றி மொழிபெயர்ப்பாளர் மாத்திரையைக் கருதவில்லை எனவும் கொள்ளலாம். இவ்விரண்டனுள் எது என்பதை ஒரே மொழிபெயர்ப்பாளரின் பல பாடல்களை ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.

இம்முறைக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய ஏடுகளிலும் தொடக்ககால அச்சிலும் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவால் வேறுபடுத்தப்படவில்லை. வீரமாமுனிவர் வகுத்த வேறுபாடு அச்சில் நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. எனவே அகர ஆகாரம், இகர ஈகாரம், உகர ஊகாரம் ஆகியவற்றை முதற்சான்றாகக் கொண்டு, எகர ஒகரங்களைச் சொல்லின் பொருள் நோக்கித் துணிய வேண்டும். பிற்காலப் பதிப்பாளர் திருத்திய பாடங்களை மூலமெனக் கொள்ளும் பிழையும் நேரக்கூடும். பதிப்புகளைக் காலவரிசையில் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

முடிவுரை

செருமானிய இசை தென்னிந்தியாவிற் பெற்ற வரவேற்பை ‘ஏற்பு’ என்னும் ஒரு சொல்லால் அடக்கிவிட இயலாது. தீட்சிதர் மேலைமெட்டைக் கொண்டு பொருளை விட்டார். சாத்திரியாரும் கிட்டலும் பொருளைக் கொண்டு மெட்டை விட்டனர். பப்ரீசியுசு இரண்டனையும் கொள்ள முயன்றார். உடையார் மொழிபெயர்ப்பையே தவிர்த்தார். இவ்வழிகளுள் ஒவ்வொன்றும் மொழியின் இயல்பு பற்றிய ஒரு தீர்ப்பை உள்ளடக்கியுள்ளது.

ஆலே நகரத்துப் பிராங்கே நிறுவனக் காப்பகத்திலும், 1910இல் தோன்றிய பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் காப்பகத்திலும் மிசன் காலத்து ஆவணங்கள் பேணப்படுகின்றன. தமிழ், கன்னடப் பாடற்றொகுதிகளை மூலமெட்டுகளோடு வைத்து ஒலியசை வாரியாக ஒப்பிடும் பணியை இசையியலாரும் மொழியியலாரும் கூடியே செய்ய இயலும். பழைய மெட்டுகளைச் செவிவழியே கற்றுப் பாடிவரும் முதியோரின் பாடுமுறையை ஒலிப்பதிவு செய்தல் அப்பணியின் முதற்படி ஆகும். ஏடுகள் காத்திருக்கலாம், குரல்கள் காத்திரா.