சாக்குப் பையும் கைம்மைச் சீட்டும்: கிழக்கிலங்கையில் மீளாக்கத் தையலின் கூலிக் கணக்கு

கழிவுத் துணியையும் பழஞ்சாக்கையும் வெட்டித் தைத்து, முன்னிருந்ததைவிட விலைகூடிய உடையாகவோ பையாகவோ ஆக்கும் தொழிலை இக்கட்டுரை மீளாக்கத் தையல் என்று குறிக்கிறது. இத்தொழிலின் பொருட்கள் பெரும்பாலும் ஒரு சமூக நோக்கத்தின் பெயராலேயே விற்கப்படுகின்றன. போரில் கணவனை இழந்தவர் தைத்தது, சுனாமியில் வீடிழந்தவர் தைத்தது என்ற செய்தியும் பையோடு சேர்ந்து கைமாறுகிறது. இத்தொழிலை அதன் நோக்கத்தை வைத்து மதிப்பிடுவது தவறு. அடக்கவிலைக் கணக்கை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் வாதம். மூலப்பொருள் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும் தொழிலில் விலையின் பெரும்பகுதி உழைப்புக்கு உரியது. அது உழைத்தவர் கைக்குப் போகாவிட்டால் நோக்கம் எத்தனை உயர்ந்ததாயினும் பயனில்லை.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, கடலோர எழுவான்கரையையும் வயல்கள் நிறைந்த படுவான்கரையையும் பிரிக்கிறது. நெல்லும் சாக்கும் படுவான்கரையின் சொத்து. காத்தான்குடியிலும், தெற்கே அம்பாறை மாவட்டத்து மருதமுனையிலும் முஸ்லிம் நெசவாளரின் கைத்தறிகள் நீண்டகாலம் ஓடியிருக்கின்றன. ஆக, சாக்கும் வெட்டுத்துண்டும் இங்கே பஞ்சமில்லை. அவற்றை வீணாக்காத பழக்கமும் புதிதல்ல. பழஞ்சேலை ஏணையாகும், பிறகு அடுப்படித் துணியாகும். உரப்பை சந்தைப் பையாகும். கிழிந்த வலை, கோழி புகாமல் தோட்டத்துக்கு வேலியாகும். இவற்றுக்கு யாரும் விலை குறித்ததில்லை. விலை குறிக்கும்போதுதான் வழக்கு எழுகிறது.

அப்படி விலை குறித்த முயற்சிகளில் இப்பிரதேசத்துக்கு அண்மையானது, பொத்துவில்–அறுகம்குடாப் பகுதியில் இயங்கிவந்த ‘ரைஸ் அண்ட் கேரி’ என்ற சமூகத் தொழில்முயற்சி. பயன்படுத்திய அரிசிச் சாக்குகளை உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு பைகளாகவும் பணப்பைகளாகவும் தைத்தது. ஆலைக்காரர் விளம்பரத்துக்காக அச்சிட்ட படமும் எழுத்துமே இங்கே அலங்காரமாகிவிடுகின்றன. இது கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பின்னால் உள்ள வேலையைக் கவனிக்க வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் ஒரே துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே வீச்சில் வெட்டுவார்கள். பிறகு ஒருத்தி கழுத்துப்பட்டி மட்டும் தைப்பாள், இன்னொருத்தி கை மட்டும் இணைப்பாள். செலவுக் கணக்கில் பெரும்பங்கு துணிக்கே. மீளாக்கத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. சாக்கைப் பொறுக்க வேண்டும், கழுவ வேண்டும், தையல் பிரிக்க வேண்டும், ஓட்டை விழுந்த இடத்தை ஒதுக்க வேண்டும், படம் பையின் நடுவில் வருமாறு பார்த்து வெட்ட வேண்டும். பொலிப்புரொப்பிலீன் நாடாக்களால் நெய்த சாக்கு, வெட்டிய ஓரத்தில் பிரிந்துவிடும். ஓரம் மடித்துத் தைக்கவும் உள்துணி கொடுக்கவும் வேண்டும். இரண்டு சாக்குகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே தைத்த உருப்படியை மட்டும் எண்ணிக் கூலி கொடுக்கும் முறையை இதற்கு அப்படியே கொண்டுவந்தால், ஊசி ஓடுவதற்கு முன் நடக்கும் வேலை முழுவதும் கூலியில்லா வேலையாகிவிடும்.

இனி, உழைப்பவர்கள் யார்? 2010இல் அன்றைய மகளிர் விவகாரப் பிரதி அமைச்சர் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ், போரினால் கணவனை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலுமாக 89,000 பேர் எனத் தெரிவித்தார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கினர். இப்பிரதேசத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு சீதனமாக மகளுக்கே போகிறது. இந்தத் தாய்வழி மரபு பெண்களைக் காத்துவிடும் என்ற எண்ணத்தைக் கிழக்கிலங்கைப் பெண் தலைமைக் குடும்பங்களைப் பற்றிய தம் 2006ஆம் ஆண்டு நூலில் காஞ்சனா ருவன்புர கேள்விக்குட்படுத்தினார். தையலிலும் இதைக் காணலாம். வீடு தன்னுடையது என்பதால் பெண்ணுக்கு வேலைத்தலம் இருக்கிறது. அதே காரணத்தால் அவள் வேலை வெளியே தெரியாமலும் போகிறது. தொழிற்சாலைப் பெண்ணுக்கு ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்தியாக வேண்டும். வீட்டில் பை தைப்பவளுக்கு யார் செலுத்துவது? சுனாமிக்கும் போருக்கும் பின் தொண்டு நிறுவனங்கள் தையல் இயந்திரங்களை வழங்கிய வேகத்தில் இக்கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இயந்திரம் கிடைத்தது, வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் நுண்கடன் நுழைந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டப் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்க நேர்ந்தது.

வங்கக் கடலின் எதிர்க்கரையில் இரண்டு முன்மாதிரிகள் உள்ளன. சுனாமிக்குப் பின், ஆரோவிலின் உபாசனா வடிவமைப்புக் கூடம், உமா பிரஜாபதியின் முன்முயற்சியில், மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணியால் ‘சுனாமிகா’ என்னும் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அதை விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பொம்மை அன்பளிப்பாகப் போகும், நன்கொடையில் கூலி வரும். துயரத்தை விற்பனைக்கு வைக்காத முடிவு அது. ஆயினும் நன்கொடை வற்றினால் கூலியும் வற்றும். அதே சுனாமியில் தமிழ்நாட்டுக் கரையோரம் பழந்துணி மலைபோல் குவிந்து தெருவில் கிடந்தது; மீனவர் தொடவில்லை. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு துணியைத் தானமாகக் கொடுக்காமல், ஊர்ப்பணிக்கு ஈடாகக் கொடுக்கும் வழியைக் கையாண்டது. வாங்குபவரின் மானத்தைக் காத்த இந்த ஏற்பாடு எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. ஆனால் மாதச் செலவுக்குக் காசு வேண்டிய மட்டக்களப்புப் பெண்ணுக்கு இதுவும் போதாது.

கதை சொல்லாவிட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கதையை நம்பி வாங்குபவர் பெரும்பாலும் உல்லாசப் பயணி. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, அடுத்த ஆண்டு கொரோனா, 2022இன் பொருளாதார நெருக்கடி என மூன்று அடிகளில் அந்த வாடிக்கையாளர் காணாமற் போனார். கதையும் உதவவில்லை. மேலும், கைம்பெண் என்ற முத்திரை ஊருக்குள் அவள் சுமக்கும் பாரம்; நல்ல காரியங்களில் அவளை ஒதுக்கும் சமூகம் இன்னும் இருக்கிறது. அந்த முத்திரையையே விலைச்சீட்டில் அச்சிட்டுக் கூடுதல் விலை பெறுவதை நான் சமூகப்பணி என்று ஏற்கமாட்டேன். இலங்கை ஆடைத்துறை 2006 முதல் தன் உடைகளைக் குற்றவுணர்வின்றி அணியத்தக்கவை என்று உலகச் சந்தையில் விளம்பரப்படுத்தியது. அந்த விளம்பரத்துக்கும் தொழிலாளியின் சம்பளச் சீட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை ருவன்புரவே பின்னர் ஆராய்ந்திருக்கிறார். சிறு முயற்சிகளுக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

பாடசாலைப் பை, ஏணை, படுக்கை விரிப்பு, சந்தைப் பை ஆகியவற்றுக்கு வாவியின் இரு கரையிலும் ஆண்டு முழுவதும் தேவை உண்டு. விலை குறைவாக இருக்கும். சந்தை நிலையாக இருக்கும். இதற்குத் தையற்காரிகளே உரிமையாளராகும் கூட்டுறவு வேண்டும்; சாக்குக் கழுவும் நேரத்துக்கும் கூலி, அந்தக் கூலியோடு சேமலாப நிதி வேண்டும். மீளாக்கப் பொருள் விற்கும் நிறுவனங்கள் விலைச்சீட்டில் பெண்ணின் துயரத்தை எழுதுவதை நிறுத்தி, எத்தனை மணிநேர வேலை, எவ்வளவு கூலி என்பதை எழுதட்டும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் மாணவர்கள் அந்தக் கணக்குகளைச் சேகரித்துத் தமிழில் வெளியிட முன்வர வேண்டும்.