பம்பாய்த் தென்னிந்தியர்: எண்ணமும் எண்ணிக்கையும்

1960களின் பம்பாயில் ‘மதராசி’ என்னும் சொல் ஒரு மக்கட்பிரிவைக் குறித்ததைக் காட்டிலும் ஓர் அச்சத்தையே மிகுதியும் குறித்தது. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள், துளுவர் அனைவரும் அச்சொல்லுள் அடங்கினர். உடுப்பி உணவகத்தின் துளு முதலாளியும் மாட்டுங்காவின் தமிழ்க் கணக்கரும் தாராவியின் தோல் தொழிலாளியும் ஒருவரேயாக எண்ணப்பட்டனர். 1960இல் தொடங்கப்பெற்ற ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்திய அலுவலர்தம் பெயர்ப்பட்டியல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. இதழின் ஆசிரியர் பால் தாக்கரே 1966 சூன் 19இல் சிவசேனையை நிறுவினார்.

1961ஆம் ஆண்டுக் குடிமதிப்பு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. அப்போது பெரும்பம்பாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 41.5 இலட்சம். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 43 விழுக்காட்டையொட்டி இருந்தனர். தென்னிந்திய மொழிகள் அனைத்தையும் பேசுவோரைக் கூட்டினும் பத்தில் ஒரு பங்கு தேறவில்லை. குசராத்தியரோ அவர்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கினர். ஒன்றுபட்ட மராட்டிய இயக்கக் காலத்தில் எதிர்ப்புக்கு உள்ளான குசராத்தியரை விடுத்து, 1960க்குப் பின்னர்ச் சினம் சிறுபான்மையான தென்னிந்தியர்பால் திரும்பியது ஏன்? குசராத்தியரிடம் மூலதனம் இருந்தது. தென்னிந்தியரிடம் இருந்தது எழுத்தர் நாற்காலி. படித்த மராத்தி இளைஞன் நாடியதும் அந்நாற்காலியைத்தான்.

பட்டியல் என்னும் சான்றின் இயல்பும் இங்கு நோக்கத்தக்கது. அது இருக்கையில் அமர்ந்தோரை மட்டுமே காட்டும். நகரில் வாழ்வோரை எண்ணிக் காட்டாது. ஆங்கிலக் கல்வியும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்தவர்கள் அலுவலகங்களில் குவிந்தமையால், அவர்தம் பெயர்கள் அங்கே பளிச்சிட்டன. வாழிடமும் அவ்வாறே குவிந்தது. 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோயினையடுத்து 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவாக்கிய தாதர்–மாட்டுங்கா குடியிருப்புகளில் தென்னிந்தியர் பெருமளவில் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பின்னர்ச் செம்பூரும் அத்தன்மை பெற்றது. மாட்டுங்காக் கடைத்தெருவில் மல்லிகைச்சரமும் காப்பிப்பொடி மணமும் எதிர்கொள்ள நடந்தவர், நகரமே அவ்வாறு ஆயிற்றெனக் கருதியதில் வியப்பில்லை. இத்தகைய மயக்கம் பம்பாய்க்கே உரியதுமன்று. 2014இல் இப்சோசு நிறுவனம் நடத்திய ஆய்வில், இத்தாலியர் தம் நாட்டில் குடியேறியோர் 30 விழுக்காடு என மதிப்பிட்டனர். உண்மை 7 விழுக்காடே.

பட்டியல்களில் இடம்பெறாத தமிழர் தாராவியில் இருந்தனர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்று தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட இவர்கள் எவருடைய எழுத்தர் பணியையும் பறித்தவரல்லர். எனினும் ‘மதராசி’ என்னும் வசை இவர்கள்மீதும் விழுந்தது.

மிகை மதிப்பீடு ஒரு தரப்பாருக்கு மட்டும் உரியதெனக் கொள்வதற்கில்லை. ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகிய திரைப்படங்கள்வழித் தாராவியை அறிந்த தமிழர் பலர் அதனைத் தமிழூராகவே கருதுகின்றனர். கோலி மீனவரின் கோலிவாடாவும், சௌராட்டிரத்துக் குயவரின் கும்பார்வாடாவும், மராத்தியத் தலித்துகளும், உத்தரப்பிரதேசத்து முசுலிம்களும் அச்சித்திரத்தில் மங்கிவிடுகின்றனர். மும்பைத் தமிழர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என மேடைகளில் முழங்குவதும் உண்டு. 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மராட்டிய மாநிலம் முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5.28 இலட்சம்; 2011இல் அது 5.10 இலட்சமாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் மாநில மக்கள்தொகை 9.69 கோடியிலிருந்து 11.24 கோடியாக உயர்ந்தது. தமிழகத்திலிருந்து சென்று தெலுங்கையோ உருதையோ தாய்மொழியாகப் பதிந்தோர் இக்கணக்கில் வாரார் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.