புத்தளத்து உப்பு: நிறையும் தரமும்

புத்தளம் என்னும் பெயர் ‘உப்புத்தளம்’ என்பதன் திரிபென்பது வழிவழியாகக் கூறப்பட்டு வரும் விளக்கமாகும். சொல்லாராய்ச்சியாளர் அதனை ஏற்பினும் மறுப்பினும், புத்தளம் கடனீரேரியின் வரலாற்றில் உப்புக்குரிய இடத்தை எவரும் மறுத்தற்கில்லை. 1659ஆம் ஆண்டில் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், மலைநாட்டுக் கண்டியரசை வழிக்குக் கொணர உப்பையும் ஒரு கருவியாக்கினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதையும் கண்டி இழந்தபோது, உப்பு அதற்கு அயலார் தரும் பண்டமாயிற்று.

வரலாற்றாசிரியர் உப்பை யார் ஆண்டனர் என்பதையே பெரிதும் ஆராய்ந்தனர். அவ்வுப்பு எத்தகையது என்ற வினா அவர்களாற் பெரிதும் எழுப்பப்படவில்லை. உண்போனுக்கோ அதுவே முதல் வினா.

கடல்நீரின் ஆயிரம் பங்கில் ஏறத்தாழ 35 பங்கு உப்புக்கள். அவற்றுள் 27 பங்களவே கறியுப்பு. வெயிலில் நீர் வற்ற, முதலிற் சுண்ணாம்பும் பின்னர் ஜிப்சமும் படியும். போமே அளவில் ஏறத்தாழ 25 பாகையிற் கறியுப்பு விளையத் தொடங்கும். 29 பாகையை அடையுமுன் அதில் நாலில் மூன்று பங்களவு படிந்துவிடும். எஞ்சிய நீரில் மகனீசிய உப்புக்கள் செறிந்திருக்கும். அக்கைப்பு நீரை அப்போதே வெளியேற்றினால் உப்பு வெண்மையாயிருக்கும். கால்பங்கு விளைவு அந்நீரோடு போய்விடும். மேலும் வற்றவிட்டால் விளைவு பெருகும். கைப்பும் கசிவும் உடன்வரும். உப்பளக்காரனின் இலாப நட்டம் இந்த நான்கைந்து பாகைக்குள் அடங்கியிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமைப் பண்டம். விளைவித்தோர் அதனை அரச களஞ்சியத்தில் ஒப்படைத்து, அந்தருக்கு இவ்வளவென வரையறுக்கப்பட்ட கூலிவிலையைப் பெற்றனர். அரசு பன்மடங்கு விலைக்கு விற்றது. நிறைக்கே விலையெனின், கைப்பு நீரைக் காலத்தில் வெளியேற்றியவன் தன் உழைப்பின் ஒரு பகுதியைத் தானே கொட்டியவனாவான். மகனீசியம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் தரங்குறைந்த உப்பே நிறைகூடித் தோன்றும். (உப்பளத்தானைக் குறைகூறுவோர் இதனை எண்ணுவதில்லை.) வாரிய உப்பைக் குவித்துக் கிடுகு வேய்ந்து மாதக்கணக்கில் வைத்திருந்தால் மகனீசியம் தானே கசிந்தொழியும். ஆயினும் காத்திருத்தற்குக் கைம்முதல் வேண்டும். கடன்பட்டு வரப்புக் கட்டியவனிடம் அது ஏது?

சுதந்திரத்தின் பின்னர் பாலாவி உப்பளம் அரச கூட்டுத்தாபனத்தின் கீழ் இயங்கியது. தனியார் பாத்திகளும் தொடர்ந்தன. 1995ஆம் ஆண்டில், கண்டக்கழலையைத் தடுக்கும் பொருட்டு, உணவுக்கான உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது பழைய கணக்கு வேறு வடிவிற் திரும்பியது. மகனீசியம் மிகுந்த ஈரவுப்பிற் பொற்றாசியம் அயடேற்று நிலைத்து நில்லாது. கசியும் நீரோடு சாக்கின் அடிக்கு இறங்கிவிடும். ஆகவே உப்பைக் கழுவியும் உலர்த்தியும் ஆகவேண்டும். கழுவுந்தோறும் உப்பின் ஒரு பகுதி கரைந்தோடும். பொறிக்கும் எரிபொருளுக்கும் செலவு ஏறும். பெருநிறுவனம் அச்செலவைப் பொதியின் விலையில் ஏற்றிவிடும். நாலைந்து பாத்தி உடையவனோ கழுவாத உப்பை ஆலைக்காரனிடம் சாக்கு நிறைக்கே கொடுக்கவேண்டியவனாகின்றான்.